குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் மாட்டு டாக்டர் போதாதா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: தோட்டத்தில் மாடு பார்க்கும் டாக்டர் இருக்கும்போது குதிரைக்கு எதற்குத் தனி மருத்துவமனை?

முதலுதவிக்கு அவரே போதும், தாராளமாகக் கூப்பிடுங்கள். ஆனால் மாட்டு வயிறு வேறு, குதிரை வயிறு வேறு. இவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதைவிட மோசம், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே நீரும் காற்றும் சேர்ந்தால் இரைப்பை கிழிந்தே போகலாம். அதனால்தான் டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு முதலில் அதை இறக்கப் பார்க்கிறார். நாடியையும் எண்ணுவார். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 இருக்க வேண்டியது 60-ஐத் தாண்டினால் கவலைதான்.

பெருங்குடல் முறுக்கிக்கொண்டால் அறுவைசிகிச்சை தவிர வழியில்லை. 500 கிலோ பிராணியை மயக்கி, பாரந்தூக்கியால் மேசையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். நம் ஊர் மாட்டுக்கொட்டகையில் நடக்கிற காரியமா? அதைவிடப் பயம், மயக்கம் தெளிந்து எழும்போதுதான். தடுமாறி விழுந்தால் காலே முறியும். அதற்காகவே சுவரெல்லாம் மெத்தை வைத்த அறை இருக்கும்.

சிலாங்கூர் மாநிலத்துச் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. இங்கிருந்து தூரம்தான், அதனால் முதலில் போன் போடுங்கள். டாக்டர் பார்க்கும்வரை தீனியை எடுத்துவிடுங்கள். வாயில் எண்ணெய், கஷாயம் எதையும் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குள் போய்விடும்.