கையை விரித்தால் 50 மீட்டர்: ஃபுட்டியில் அம்பயரை எதிர்ப்பது பற்றிக் கேள்வி பதில்

ஃபுட்டியில், அதாவது நீள்வட்ட மைதானத்தில் கையாலும் காலாலும் ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்தில், அம்பயரின் முடிவை எதிர்த்தால் ஏன் இவ்வளவு கடுமையான தண்டனை என்று பலர் கேட்டிருந்தீர்கள். மெல்போர்ன் புறநகர் மைதானங்களில் சிறுவர் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்பவன் நான். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பக்கம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

கேள்வி: நாங்கள் ஆஸ்திரேலியாவுக்கு வந்து இது முதல் சீசன். டிவியில் பார்த்த ஆட்டத்தில் ஒரு வீரர் "ஏன்?" என்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்தார். உடனே அம்பயர் விசில் ஊதிவிட்டு மைதானத்தில் வெகுதூரம் ஓடினார், எல்லோரும் பின்னாலேயே போனார்கள். என்ன நடந்தது?

பதில்: நீங்கள் பார்த்தது 50 மீட்டர் தண்டனை. ஒரு அணிக்கு ஃப்ரீ கிக்கோ (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் உதை) மார்க்கோ (உதைத்து வந்த பந்தைக் கீழே விழாமல் பிடிப்பது) கிடைத்திருக்கும்போது எதிரணிக்காரர் அந்த முடிவை எதிர்த்து வாதாடினால், கையை விரித்தால், பெரிய திரையைக் காட்டி "அங்கே பாருங்கள்" என்றால், பந்து உதைக்கும் இடம் 50 மீட்டர் முன்னால் தள்ளிப்போகும். கோல் கம்பங்களுக்கு 50 மீட்டருக்குள் இருந்தால் நேராகக் கோல் கோட்டுக்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

மைதானத்தின் நீளமே 135 முதல் 185 மீட்டர்தான். அதில் 50 மீட்டர் என்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நடு மைதானத்தில் பந்தை வைத்துக்கொண்டு யாருக்குக் கொடுப்பது என்று தேடிக்கொண்டிருந்தவர், ஒரே நொடியில் கோல் அடிக்கும் தூரத்துக்கு வந்துவிடுவார். ஒரு கோல் 6 புள்ளி. ஒரு கை அசைவுக்கு 6 புள்ளி போகலாம்.

வாதாடுபவரின் அணியிடமே ஃப்ரீ கிக் இருந்தால்? அதைப் பறித்து எதிரணிக்குக் கொடுத்துவிடலாம். ஆக எந்தப் பக்கம் நின்று கத்தினாலும் இழப்பு உண்டு.

கேள்வி: கிரிக்கெட்டில் மாதிரி ஆட்டம் முடிந்த பிறகு அபராதம் போட்டால் போதாதா? ஒருவர் செய்த தவறுக்கு மொத்த அணியையும் தண்டிப்பது நியாயமா?

பதில்: 2019இல் ஜெய்ப்பூரில் நடந்த ஐ.பி.எல். ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நோபால் முடிவு மாற்றப்பட்டதும், ஆட்டமிழந்து வெளியே உட்கார்ந்திருந்த தோனி நேராக மைதானத்துக்குள் வந்து அம்பயர்களிடம் வாதாடினார். தண்டனை, ஆட்டச் சம்பளத்தில் பாதி. ஆனால் சென்னை அந்த ஆட்டத்தைக் கடைசிப் பந்தில் ஜெயித்தது, அந்த வெற்றி அப்படியே இருந்தது. நானும் மஞ்சள் சட்டைக்காரன்தான், இருந்தாலும் சொல்கிறேன்: அந்த அபராதம் யாரையும் தடுக்காது. கோடிகளில் சம்பளம் வாங்குபவருக்கு அது பெரிய தொகையே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஃபுட்டியின் மேல்மட்ட லீக்கான ஏ.எஃப்.எல். ஆட்டத்தில் மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை கிடையாது. எவ்வளவு பெரிய குற்றம் செய்தாலும் வீரரை மைதானத்தை விட்டு வெளியேற்ற முடியாது. பல உள்ளூர் லீக்குகளில் அட்டைகள் உண்டு, மேல்மட்டத்தில் இல்லை. எனவே ஆட்டம் நடக்கும்போதே வலிக்கிற மாதிரி அம்பயரிடம் இருக்கிற பெரிய ஆயுதம் தூரம்தான். முன்பெல்லாம் 15 மீட்டர்தான் இருந்தது, 1988இல்தான் அது 50 ஆனது. பக்கத்தில் நிற்கிற நண்பனே "வாயை மூடுடா, கோல் போகப்போகுது" என்று இழுத்துப் போகிறான் பாருங்கள், அங்கேதான் இந்த விதி வேலை செய்கிறது. அணியைத் தண்டிப்பது நியாயமா என்றால், என்னைப் பொறுத்தவரை நியாயம்தான்.

கேள்வி: ஒரு வீரர் வாயே திறக்கவில்லை, கையையும் அசைக்கவில்லை. ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தார், அதற்கும் 50 மீட்டர். அது எப்படி எதிர்ப்பு ஆகும்?

பதில்: அது வேறு விதி. எதிராளி மார்க் பிடித்த இடத்தில் நிற்பவரைப் பார்த்து அம்பயர் "ஸ்டேண்ட்" என்று சொன்ன பிறகு அவர் அசையக்கூடாது. 2021இல் வந்தது. தண்டனை ஒன்றே என்பதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

கேள்வி: நான் இருபது வருடமாக ஃபுட்டி பார்க்கிறேன். அந்தக் காலத்திலும் வீரர்கள் கத்தத்தான் செய்தார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை. 2022இல் மட்டும் திடீரென்று ஏன் இந்த ஞானோதயம்?

பதில்: விதி புதிதல்ல, அமல்தான் புதிது. அம்பயரின் முடிவை எதிர்ப்பது எப்போதுமே குற்றம்தான். 2022 சீசனுக்கு முன் ஏ.எஃப்.எல். எல்லாக் கிளப்புகளுக்கும் இனிமேல் விட்டுப்பிடிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது. அப்போது ஏ.எஃப்.எல். நிர்வாகத்தில் ஆட்டப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் பிராட் ஸ்காட், முன்னாள் வீரர், நீண்டகாலப் பயிற்சியாளர். அந்த ஏப்ரலில் ஈஸ்டர் வார இறுதியில் பிரிஸ்பேன் தடுப்பாட்டக்காரர் ஹாரிஸ் ஆண்ட்ரூஸ் கைகளை விரித்ததற்காக 50 மீட்டர் தண்டனை விழுந்தபோது நாடு முழுவதும் இதே பேச்சு. விளையாட்டில் உணர்ச்சியே இருக்கக்கூடாதா என்று பழைய வீரர்கள் பலர் கொதித்தார்கள்.

காரணம் மேல்மட்டத்தில் இல்லை. உள்ளூர் மைதானங்களில் இருந்தது. நாடு முழுவதும் சுமார் 6,000 அம்பயர்கள் பற்றாக்குறை என்று ஏ.எஃப்.எல். அப்போது கணக்குச் சொன்னது. கோவிட் காலத்தில் நின்றவர்கள் பலர் திரும்பி வரவில்லை, அது ஒரு பகுதி. ஆனால் விட்டுப்போனவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது வசவைப் பற்றித்தான். பெண் அம்பயர்களிடம் பேசித் தயாரித்த ஓர் ஆய்வும் அதே சமயத்தில் வெளியே வந்தது. அவர்கள் அனுபவித்த பேச்சும் நடத்தையும் படிக்கவே சங்கடமாக இருந்தன.

உள்ளூர் சிறுவர் ஆட்டத்தில் அம்பயர் யார் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை. பள்ளிக்கூடம் படிக்கும், கைச்செலவுக்குச் சம்பாதிக்க வந்திருக்கும். வெள்ளிக்கிழமை இரவு டிவியில் நட்சத்திர வீரர் கையை விரித்து முறைத்தால், ஞாயிற்றுக்கிழமை காலை பன்னிரண்டு வயதுப் பையன் அந்தப் பிள்ளையிடம் அதையே செய்கிறான். அவனைப் பார்த்து அவன் அப்பா எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று இன்னும் சத்தமாகச் செய்கிறார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆட்டம் முடிந்து அறைக்கு வந்து அழுத பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். சிலர் அடுத்த வாரம் வரவில்லை.

நட்சத்திர வீரருக்குக் கொடுக்கிற 50 மீட்டர் அந்தப் பிள்ளைக்காகத்தான். இதைப் புரிந்துகொள்ளாமல் 2022 கெடுபிடியை எடைபோட முடியாது.

கேள்வி: சரி, நோக்கம் நல்லதுதான். ஆனால் ஒரு அம்பயர் கொடுக்கிறார், அடுத்தவர் விட்டுவிடுகிறார். ஒரு வாரம் தண்டனை, மறுவாரம் ஒன்றுமில்லை. ரசிகன் எதை நம்புவது?

பதில்: இந்தக் குறையை நான் முழுமையாக ஒத்துக்கொள்கிறேன். 2022இன் தொடக்கத்தில் கை விரிந்தாலே விசில். சீசன் போகப் போக அது குறைந்தது. அடுத்த ஆண்டிலிருந்து, தன் மேலேயே கோபப்பட்டுத் தலையில் கை வைப்பதையும் அம்பயரை நோக்கிக் காட்டுகிற எதிர்ப்பையும் பிரித்துப் பார்க்க அம்பயர்களுக்கு இடம் கொடுத்தார்கள். யோசனை சரிதான். ஆனால் இடம் கொடுத்தால் ஆளுக்கு ஆள் வேறுபடும். 2023 முதல் ஓர் ஆட்டத்தில் களத்துக்குள் நான்கு அம்பயர்கள் இருக்கிறார்கள், நான்கு பேருக்கும் ஒரே அளவுகோல் வராது.

என் கருத்து: முகத்தைச் சுளிப்பதை விட்டுவிடலாம், அது தானாக வருவது. அம்பயரை நோக்கித் திரும்பி, பார்ப்பவர்களுக்குத் தெரிகிற மாதிரி செய்வதை ஒருபோதும் விடக்கூடாது. இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடமாக இருந்தாலும் விடக்கூடாது. பெரிய ஆட்டங்களில் விசில் தயங்குகிறது என்று வீரர்களுக்குத் தெரிந்துவிட்டால் மற்ற நாள் கொடுத்த தண்டனைகளுக்கெல்லாம் அர்த்தம் போய்விடும்.

கேள்வி: அம்பயர் தவறு செய்தால் அவரை யார் தண்டிப்பது? எங்களுக்கு மட்டும்தான் 50 மீட்டரா? (அடிலெய்டிலிருந்து, அந்த ஊர்க் கிளப்பான க்ரோஸின் ரசிகர்)

பதில்: ஊரையும் கிளப்பையும் பார்த்ததுமே எதை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. 2023 ஆகஸ்டில் சிட்னியோடு நடந்த ஆட்டத்தில், கடைசி நிமிடங்களில் பென் கீஸ் உதைத்த பந்து கம்பத்தில் பட்டது என்று கோல் அம்பயர் ஒரு புள்ளி மட்டும் கொடுத்தார். பந்து கம்பத்தில் படவே இல்லை. மறுபரிசீலனையும் கேட்கப்படவில்லை. அடிலெய்டு ஒரு புள்ளியில் தோற்றது, இறுதிச்சுற்று வாய்ப்பும் போனது. மறுநாளே ஏ.எஃப்.எல். தலைமை நிர்வாகி வெளிப்படையாகத் தவறு என்று சொன்னார். அந்த அம்பயருக்கு அந்த சீசனில் மேற்கொண்டு ஆட்டம் கொடுக்கப்படவில்லை. ஆக, அம்பயர்களும் வாராவாரம் மதிப்பிடப்படுகிறார்கள், இடத்தை இழக்கிறார்கள்.

உங்கள் வலிக்கு இது மருந்தாகாது, தெரியும். ஆனால் அன்று கீஸ் எவ்வளவு கையை ஆட்டியிருந்தாலும் அந்தப் புள்ளி மாறியிருக்காது. தவறைத் திருத்த வேண்டியது மறுபரிசீலனை முறை. அது உடனே, தானாக வேலை செய்ய வேண்டும் என்று கேட்பதில் நான் உங்கள் பக்கம்.

கேள்வி: ஜயண்ட்ஸ் வீரர் டோபி கிரீன் ஆறு ஆட்டம் வெளியே இருந்தாரே, அதுவும் வாய்வாதம்தானா? வெறும் பேச்சுக்கு ஆறு ஆட்டமா, அண்ணை?

பதில்: இல்லை, தம்பி. அது பேச்சோடு நிற்கவில்லை. 2021இல் லான்செஸ்டனில் சிட்னிக்கு எதிரான நாக்-அவுட் ஆட்டம். மூன்றாம் கால்பகுதி இடைவேளையில் அம்பயர் மேட் ஸ்டெவிக்கிடம் வாதாடிக்கொண்டே நடந்தவர் அவர் மேல் இடித்துவிட்டார். தீர்ப்பாயம் மூன்று ஆட்டம் கொடுத்தது. போதாது என்று ஏ.எஃப்.எல். மேல்முறையீடு செய்து அதை ஆறாக்கியது. ஜயண்ட்ஸ் அன்று ஒரு புள்ளியில் ஜெயித்தாலும், அவர் இல்லாமல் அடுத்த வாரம் ஜீலாங்கிடம் தோற்று வெளியேறியது.

அம்பயரின் உடம்பைத் தொடுவது என்றைக்குமே தனிக்கணக்கு. 1985இல் காலிங்வுட் ரிசர்வ் அணியின் ஜான் பூர்க் அம்பயரை உதைத்ததற்காகப் பத்து ஆண்டுத் தடை வாங்கினார். கிரீனைப் பற்றி ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும்: அவர் பிறகு அதே அணியின் கேப்டனானார், இன்றும் உணர்ச்சியோடுதான் ஆடுகிறார்.

கேள்வி: சீசனின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்துக்கு வாக்களிப்பதும் அம்பயர்கள்தானே? வாயாடி வீரருக்கு வாக்கு விழுமா?

பதில்: ஆமாம், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கள அம்பயர்கள்தான் 3, 2, 1 என்று வாக்குப் போடுகிறார்கள். வாயாடினால் குறையும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. தடை வாங்கியவர் மட்டும் பதக்கத்துக்குத் தகுதி இழப்பார், 50 மீட்டர் தண்டனை வாங்கியவர் இழக்க மாட்டார்.

கேள்வி: எங்கள் மகளுக்குப் பதினைந்து வயது. அம்பயராகச் சேர ஆசைப்படுகிறாள். நீங்கள் சொல்வதையெல்லாம் படித்தால் அனுப்பவே பயமாக இருக்கிறது. அனுப்பலாமா?

பதில்: அனுப்புங்கள். தயங்காமல் அனுப்புங்கள். ஓடி உடம்பு நன்றாகும், நூறு பேர் பார்க்க ஒரு முடிவைச் சொல்லி அதில் நிற்கிற தைரியம் வரும். 2017இல் எலெனி கிளௌஃப்சிஸ் ஏ.எஃப்.எல். ஆட்டத்தில் கள அம்பயராக நின்ற முதல் பெண்ணானார். உள்ளூர் ஆட்டத்திலிருந்து அதுவரை போகிற பாதை இப்போது திறந்திருக்கிறது.

சில விஷயங்களைச் சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் சில ஆட்டங்களில் அனுபவமுள்ள ஒருவர் கூடவே ஓடுவாரா? சிறுவர் ஆட்டங்களில் அம்பயரை மைதானத்துக்குள் கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டிவர ஒரு பெற்றோரை நியமிக்கும் வழக்கம் பல லீக்குகளில் உண்டு, உங்கள் லீக்கில் இருக்கிறதா? எழுத்தில் புகார் கொடுத்தால் யார் பார்ப்பார்கள்? பல சிறுவர் லீக்குகளில் தண்டனை 50 அல்ல, 25 மீட்டர். அதைக் கொடுக்கத் தயங்க வேண்டாம் என்று முதல் நாளே மகளுக்குச் சொல்லுங்கள். முதல் கால்பகுதியில் ஒரு தடவை கொடுத்துவிட்டால் மீதி மூன்றும் பெரும்பாலும் அமைதியாகப் போகும்.

அப்புறம், முதல் சில வாரம் நீங்களும் போய் நில்லுங்கள். யாராவது அவளைத் திட்டினால் நீங்கள் போய்ச் சண்டை போடாதீர்கள். அந்த அணியின் மேலாளரிடம் சொல்லுங்கள், நேரத்தையும் சொன்ன வார்த்தைகளையும் குறித்து வைத்து அன்று மாலையே லீக்குக்கு அனுப்புங்கள். நாள் கடந்தால் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

கேள்வி: நான் உள்ளூர் அணிக்கு ஆடுகிறேன். உண்மையிலேயே ஒரு முடிவு புரியவில்லை என்றால் கேட்கவே கூடாதா?

பதில்: கேட்கலாம். கேட்பது எதிர்ப்பு அல்ல. பந்து ஆட்டத்தில் இல்லாத நேரமாகப் பாருங்கள், கால்பகுதி இடைவேளை இன்னும் நல்லது. கைகளைக் கீழே வைத்துக்கொண்டு, "அந்த மூன்றாவது டேக்கிளில் நான் என்ன தவறு செய்தேன்?" என்று உங்கள் ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். "நீங்கள் ஏன் அப்படிக் கொடுத்தீர்கள்?" என்று தொடங்காதீர்கள். அம்பயர்களில் பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக விளக்குவார்கள். பதில் பிடிக்கவில்லை என்றால் அதோடு விட்டுவிட்டுப் போய் ஆடுங்கள், இரண்டாவது தடவை கேட்டால் நான் விசிலை எடுப்பேன்.