கார் ஸ்டீரியோவில் டிஸ்ப்ளே எரிகிறது, பாட்டு ஓடுகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. செட்டையே மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஸ்பீக்கர் கப்ளரை (ஒயர்களைச் செட்டோடு இணைக்கும் பிளாஸ்டிக் கனெக்டர்) கழற்றி ஒரு சோதனை செய்து பார்க்கும் வரையாவது வேண்டாம்.

நீங்கள் சொல்வது இது: செட் ஆன் ஆகிறது, திரையில் பாட்டின் நொடிகள் நகர்கின்றன, நான்கு ஸ்பீக்கரும் ஊமை, பார்த்தவர் “செட் போச்சு, புதுசு போட்டுடலாம்” என்கிறார். மல்டிமீட்டரைக் கையில் எடுக்காமல் சொல்கிற தீர்ப்பு அது. இதைக் கேட்டாலே எரிச்சல் வருவதால்தான் பதில் கொஞ்சம் நீளம்.

நான்கு ஸ்பீக்கரும் ஒரே நொடியில் எரிந்துபோவது அநேகமாக நடக்காத காரியம். நான்குக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் நின்றிருக்கும்: மியூட், கரண்ட் சப்ளை, உள்ளே இருந்து சத்தத்தைப் பெருக்கும் சிப்பான ஆம்ப் ஐசி, அல்லது தனி ஆம்ப்ளிஃபயர். இவற்றோடு இன்னொன்றும் உண்டு, அதைத்தான் யாரும் தேடுவதில்லை. ஒரே ஒரு ஸ்பீக்கர் ஒயர் வண்டியின் பாடித் தகரத்தில் உரசி ஷார்ட் ஆகியிருந்தால்கூட, பல செட்டுகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள எல்லாச் சேனலையும் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போகும் தனி வழி) மூடிவிடும். சில செட்டுகள் திரையில் புரொடெக்ட் என்றோ ஆம்ப் எரர் என்றோ காட்டும். பல எதுவுமே காட்டாது. ஆனால் உண்மையிலேயே நான்கும் ஒரே நேரத்தில்தான் நின்றனவா என்று யோசித்துப் பாருங்கள். பின் ஸ்பீக்கர்கள் செத்து மாதக்கணக்கானாலும் முன்னால் உட்கார்ந்து ஓட்டுபவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக நின்று, கடைசி ஸ்பீக்கர் போனபோதுதான் கவனித்தீர்கள் என்றால் கதவு ஒயர்களையும் ஸ்பீக்கர்களையும் நேரே சந்தேகிக்கலாம்.

டேஷ்போர்டைக் கழற்றும் முன் சில்லறை விஷயங்களை முடித்துவிடுங்கள். எஃப்எம், யுஎஸ்பி, புளூடூத் என மூன்றிலும் போட்டுப் பாருங்கள். புளூடூத்தில் மட்டும் சத்தம் இல்லையென்றால் கோளாறு போனில்: அந்த இணைப்பின் அமைப்பில் மீடியா ஆடியோ அணைந்து கால் ஆடியோ மட்டும் இயங்கிக்கொண்டிருக்கும். எஃப்எம்மில் மட்டும் இல்லையென்றால் ஆன்டெனா பக்கம் பாருங்கள். ஃபேடரும் (முன், பின் பங்கீடு) பேலன்ஸும் (இடது, வலது பங்கீடு) நடுவில் இருக்கட்டும். முன் ஸ்பீக்கர் மட்டுமே உள்ள வண்டியில் ஃபேடர் முழுக்கப் பின்னால் போயிருந்தால் செட் செத்த மாதிரியேதான் இருக்கும். முகப்பில் ரீசெட் துளை இருந்தால் பேனா முனையால் ஒருமுறை அழுத்துங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டலாம்தான், ஆனால் வண்டியோடு வந்த கம்பெனி செட்டுகள் சிலவற்றில் அதற்குப் பிறகு ரேடியோ கோடு, அதாவது பூட்டைத் திறக்கும் ரகசிய எண், கேட்கும். அந்த எண் கையில் இல்லாமல் கழற்றாதீர்கள்.

பேட்டரியையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். வண்டி ஓய்வில் நிற்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. எஞ்சின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். வோல்ட் ரொம்ப இறங்கினால் திரை எரிந்தபடியே ஆம்ப் பகுதி மட்டும் நின்றுவிடும். பேட்டரியில் வோல்ட் சரியாக இருந்தும் செட்டின் பின்னால் குறைவாக வருகிறதென்றால் எர்த் (வண்டியின் பாடி வழியாகப் போகும் நெகட்டிவ் இணைப்பு) சரியில்லாமல் இருக்கலாம். செட்டை வெளியே எடுத்த பிறகு, மீட்டரின் ஒரு முனையை செட்டின் கறுப்பு ஒயரிலும் மறு முனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, செட்டை ஆன் செய்து பாருங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகச் சுரண்டி மறுபடி முறுக்குங்கள்.

இனி செட்டை வெளியே இழுக்கலாம். இழுக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஸ்டீயரிங் பக்கம் மஞ்சள் நிறக் கப்ளர் எதையும் தொடாதீர்கள், அது ஏர்பேக். செட்டின் பின்னால் ஐஎஸ்ஓ கப்ளர் (பொதுத் தர அளவில் வருவது) என்றால், எட்டு எட்டு பின்னாக (உலோக முனை) இரண்டு இருக்கும்: கறுப்பு பவர், பழுப்பு ஸ்பீக்கர். வெளியில் வாங்கிய செட்டுகளில் ஒயர் நிறம் பெரும்பாலும் இப்படித்தான்: மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் வரும் 12 வோல்ட், கறுப்பு எர்த், நீலத்தில் வெள்ளைக் கோடு ஆம்ப் ரிமோட் (தனி ஆம்ப்பை எழுப்பும் ஒயர்). ஸ்பீக்கர்களுக்கு முன் இடது வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா. ஒவ்வொன்றுக்கும் ஜோடியாக அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது நெகட்டிவ். வண்டியோடு வந்த கம்பெனி ஒயர்களுக்கு இந்த நிறக்கணக்கு பொருந்தாது. அங்கே வரைபடத்தையோ மீட்டரையோ நம்புங்கள்.

பழுப்பு நிற ஒயர் ஒன்று தொங்குகிறதா பாருங்கள். அது போன் மியூட், ஐஎஸ்ஓ பவர் கப்ளரில் இரண்டாவது பின். பல செட்டுகளில் அது எர்த்தைத் தொட்டால் போதும், சத்தம் அடங்கிவிடும். முனையை உறை போடாமல் விட்டு, அது செட்டின் இரும்புக் கூட்டில் உரசிக்கொண்டிருப்பது சகஜம். ஆண்ட்ராய்டு செட்டுகள் சிலவற்றில் ரிவர்ஸ் கியர் சிக்னல் வந்தாலும் சத்தம் குறையும் அல்லது நிற்கும். கேமரா படம் தானாக வந்துவிட்டுப் போகிறதென்றால் அந்த ஒயரையும் பாருங்கள்.

இப்போது முக்கியமான சோதனை. பழுப்பு ஸ்பீக்கர் கப்ளரை முழுதாகக் கழற்றிவிட்டு, நல்ல ஸ்பீக்கர் ஒன்றை இரண்டு துண்டு ஒயரால் செட்டின் முன் இடது பின்களில் நேரடியாக இணையுங்கள். பேட்டரியை மாட்டி செட்டைப் போடுங்கள். சத்தம் வந்தால் அந்தச் சேனலில் செட்டின் குறை இல்லை, கோளாறு வண்டியின் ஒயரிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது. மற்ற மூன்று சேனலையும் இதேபோல் ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் செட்டை அணைத்துவிட்டு மாற்றுங்கள்.

சத்தம் வரவில்லையென்றால் மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனை எர்த்தில், சிவப்பு முனை ஒவ்வொரு ஸ்பீக்கர் பின்னிலும். இப்போதைய செட்டுகளில் ஸ்பீக்கரின் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையுமே ஐசிதான் ஓட்டுகிறது. அதனால் எட்டுப் பின்னிலும் எர்த்துக்கு எதிராக சப்ளையில் பாதி, அதாவது ஆறு முதல் ஏழு வோல்ட் நிற்க வேண்டும். ஜோடிக்குள் அளந்தால் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். எட்டிலும் பூஜ்யம் என்றால் ஐசி விழிக்கவே இல்லை: சப்ளை வரவில்லை, ஸ்டான்ட்பையில் கிடக்கிறது, அல்லது செத்துவிட்டது. ஒரு பின்னில் மட்டும் 12 வோல்ட்டோ பூஜ்யமோ காட்டி மற்றவை ஆறில் நின்றால் ஐசியில் அந்தச் சேனல் எரிந்துவிட்டது. எட்டும் ஆறில் நின்றும் சத்தம் இல்லையென்றால் ஐசி மியூட்டில் இருக்கிறது, அல்லது பாட்டின் சிக்னல் அதுவரை வந்து சேரவில்லை. பின்னால் ஆர்சிஏ அவுட் (வெளி ஆம்ப்புக்குச் சிக்னல் தரும் துளை) இருந்தால் அதை வெளி ஆம்ப்பில் கொடுத்துப் பாருங்கள். அங்கே பாட்டு கேட்டால் சிக்னல் உயிரோடு இருக்கிறது, குறை ஐசியிலும் அதன் மியூட் வழியிலும்தான்.

சப்ளையில் பாதி நிற்கும் இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் புரியும். ஸ்பீக்கரின் நெகட்டிவ் எர்த் அல்ல. பழைய வண்டிகள் சிலவற்றில் ஸ்பீக்கர்களின் நெகட்டிவை எல்லாம் சேர்த்து பாடியில் கொடுத்திருப்பார்கள். அந்த ஒயரிங்கில் புது செட்டை மாட்டினால் முதல் நாளே மூடிக்கொள்ளும், பாதுகாப்பு இல்லாத மலிவு செட் என்றால் எரியும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி ஜோடி ஒயர் இழுப்பதுதான் அதற்குச் சரியான வழி.

வண்டிப் பக்கம் ஷார்ட் தேடுவது பொறுமையான வேலை, கஷ்டமான வேலை இல்லை. செட்டின் கப்ளர் கழன்ற நிலையில், ஓம் அளவில் முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், அதைக் கழித்துத்தான் படிக்க வேண்டும். வண்டிப் பக்கக் கப்ளரில் ஒவ்வொரு ஜோடியையும் அளங்கள். நான்கு ஓம் ஸ்பீக்கர் என்றால் மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் காட்டும். ஓஎல் (இணைப்பே இல்லை என்று மீட்டர் காட்டும் குறி) என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. அரை ஓம், கால் ஓம் என்றால் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அல்லது ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் உருகிவிட்டது. பிறகு ஒவ்வொரு ஒயரையும் பாடிக்கு எதிராக அளங்கள். இங்கே ஓஎல் தவிர எது காட்டினாலும் தப்பு. அளக்கும்போது கதவை முழுக்கத் திறந்து மூடச் சொல்லுங்கள். நின்றால் நல்லபடி காட்டி, அசைந்தால் பாடியைத் தொடுகிற ஒயர்தான் ஆளை அலைக்கழிப்பது.

டிவீட்டரை (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) தனியாக அளந்து ஓஎல் வந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதற்கு முன்னால் கெபாசிட்டர் இருக்கும், டிசி அதைத் தாண்டாது. ஸ்பீக்கரை உறுதிசெய்ய 1.5 வோல்ட் செல்லை அதன் ஒயர் ஜோடியில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். டப் என்று கேட்டு கோன் அசைந்தால் உயிர் இருக்கிறது. செட்டில் மாட்டியிருக்கும்போது இதைச் செய்யக் கூடாது.

ஷார்ட் எங்கே இருக்கும் என்று கேட்டால், முதலில் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் ஒயர் போகும் ரப்பர் உறையைக் கழற்றிப் பாருங்கள். கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒயர் மடங்குவது அங்கேதான். ஓட்டுநர் கதவுதான் அதிகம் திறக்கிறது, அதிலிருந்து ஆரம்பியுங்கள். அடுத்து, பெரிய ஸ்பீக்கரைப் பொருத்தியபோது அதன் டெர்மினல் கதவின் தகரத்தைத் தொடுகிறதா, நீள ஸ்க்ரூ ஒயரைக் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் பார்சல் ட்ரேயில் ஸ்பீக்கர் இருந்தால், டிக்கியில் வைக்கும் பெட்டி கீழிருந்து டெர்மினல்களை நசுக்கியிருக்கும். கதவின் உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே டோர் பேடை மூடியிருந்தால், மழைத் தண்ணீர் உள்ளே தெறித்து டெர்மினல் பச்சை பூத்திருக்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் தனி ரகம். வெயிலில் டேப்பின் பசை இளகி வழுக்கி, ஒயர் அம்மணமாக நிற்கும். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள், இல்லையென்றால் க்ரிம்ப் செய்யுங்கள்.

கொஞ்ச நேரம் பாடி, நின்று, ஆறிய பிறகு மறுபடி பாடுகிறதென்றால் அது சூடு. ஒரே சேனலில் நான்கு ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாகக் கொடுத்திருப்பார்கள், சேர்ந்து இரண்டு ஓம் ஆகிவிடும். பெரும்பாலான செட்டுகள் நான்கு ஓமுக்குக் கீழே போகச் செய்யப்பட்டவை அல்ல.

இந்த இடத்தில் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. பெட்டியில் 50 வாட் பெருக்கல் 4 என்று அச்சடிக்கிறார்களே, அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? 14.4 வோல்ட்டை நான்கு ஓமில் முழுக்க நிறுத்தினால் 14.4 பெருக்கல் 14.4, வகுத்தல் 4: ஏறக்குறைய 52 வாட். ஆனால் அது முழுக்கச் சிதைந்த சதுர அலைக்கு. சுத்தமான சைன் அலைக்கு அதில் பாதி, 26. ஐசிக்குள் போகும் இழப்பைக் கழித்தால் அதற்கும் கீழே. செட்டின் முதுகில் இருக்கும் ஃபியூஸையும் பாருங்கள். 10 ஆம்பியர் என்றால் 14.4 வோல்ட்டில் உள்ளே போவதே 144 வாட், அதிலிருந்து தொடர்ந்து 200 வாட் வெளியே வருமாம். கேட்டால் “மேக்ஸ்” என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது என்பார்கள். இந்த எண்ணை நம்பி ஸ்பீக்கர் வாங்கி, சத்தத்தைக் கடைசி வரை திருகி, சிதைந்த அலையில் டிவீட்டரை எரிப்பவர்கள்தான் அதிகம். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

தனி ஆம்ப் உள்ள வண்டி என்றால் மேலே சொன்ன சோதனைகளுக்கு முன்பே அதற்குப் போங்கள். சீட்டுக்கு அடியிலோ டிக்கியின் ஓரத்திலோ இருக்கும். மெயின் ஒயரில் 12 வோல்ட், செட் ஆன் ஆனதும் ரிமோட் ஒயரில் 12 வோல்ட், எர்த் சுத்தம், ஃபியூஸ் முழுசு, இந்த நான்கும் இருக்க வேண்டும். கம்பெனி ஆம்ப் உள்ள வண்டியில் ஆண்ட்ராய்டு செட் மாட்டியிருந்தால், அந்த ஆம்ப்பை எழுப்பும் கட்டளை கேன் பஸ் பெட்டி (வண்டியின் கம்ப்யூட்டர்களோடு செட்டைப் பேச வைப்பது) வழியாகப் போக வேண்டியிருக்கலாம். செட்டின் அமைப்பில் வண்டி மாடல் தப்பாக இருந்தால் எல்லாம் எரியும், சத்தம் வராது. “ஃபைபர் ஒயர் போகும் சொகுசு கார்களில் இதெல்லாம் செல்லாது” என்று யாராவது கிளம்பும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: செல்லாது. அங்கே வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

ஐசிதான் போயிருக்கிறது என்று முடிவானாலும் செட்டை மாற்ற அவசியமில்லை. சால்டர் கை உள்ளவருக்கு அது மாற்றக்கூடிய பாகம். பல செட்டுகளில் டிடிஏ7388 அல்லது அதன் குடும்பத்தைச் சேர்ந்த 25 கால் ஐசி இருக்கும். கழற்றும் முன் 6, 20 ஆம் கால்களில் சப்ளை, 4 ஆம் காலில் ஸ்டான்ட்பை, 22 ஆம் காலில் மியூட் ஆகியவற்றை அளக்கச் சொல்லுங்கள். ஸ்டான்ட்பையும் மியூட்டும் 3.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் அது பாடும். அவை கீழே கிடந்தால் ஐசியை மாற்றிப் பயனில்லை, அவற்றை இழுத்துப் பிடிப்பது எது என்று தேட வேண்டும். பெயரை அழித்து மறுபடி அச்சடித்த போலி ஐசிகள் நிறைய உலவுகின்றன, தெரிந்த இடத்தில் வாங்கச் சொல்லுங்கள். பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக மெல்லப் பூசி, ஹீட் சிங்க் ஸ்க்ரூவை இறுக்கிய பிறகே கால்களைச் சால்டர் செய்ய வேண்டும், இல்லையென்றால் இறுக்கும்போது கால்களில் இழுவை விழும்.

எது எப்படியோ, வண்டிப் பக்கம் எட்டு ஒயரும் பாடிக்கு ஓஎல் காட்டும்வரை புது ஐசியோ புது செட்டோ மாட்ட விடாதீர்கள். பழையதைக் கொன்ற ஷார்ட் அங்கேயே இருந்தால், புதியதையும் அது விடாது.