எல்லாவற்றையும் தூக்கி எறிகிற பிள்ளைக்கு என்ன பொம்மை வாங்குவது?

கேள்வி: என் மகனுக்கு 20 மாதம் ஆகிறது. வீடு நிறைய விளையாட்டுச் சாமான்கள் கிடக்கின்றன. எதை எடுத்துக் கொடுத்தாலும் இரண்டு நிமிடம்தான். அப்புறம் தூக்கி எறிந்துவிட்டு, சமையலறைப் பாத்திரங்களைத் தேடிப் போய்விடுகிறான். அவனுடைய இரண்டாவது பிறந்தநாளுக்கு, எழுத்தும் எண்ணும் சொல்லித்தரும் பாட்டுப் பொம்மை ஒன்றை வாங்கித்தரச் சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். பெட்டியில் 3 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. "பையன் சுட்டி, பரவாயில்லை" என்கிறார்கள். மூத்தவளுக்கு ஆறு வயது, அவள் சாமான்களும் அதே அறையில்தான். எதை வாங்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: எறிவதிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் அதைக் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கோ அதுதான் துப்பு. கையில் பிடித்ததை வேண்டுமென்றே விட்டுவிடும் திறமை குழந்தைக்கு ஒரு வயதையொட்டித்தான் வருகிறது. வந்தபின் அதைச் சோதித்துப் பார்க்காமல் எந்தப் பிள்ளையாலும் இருக்க முடியாது. எது உருளும், எது எகிறும், எது தொப்பென்று விழும், எதை எறிந்தால் அம்மா ஓடி வருவார், எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். இரண்டு நிமிடத்தில் ஒரு பொம்மையை எறிந்துவிட்டான் என்றால், அவனுக்கு அப்போது தேவைப்பட்ட வேலைக்கு அது அவ்வளவுதான் ஈடுகொடுத்திருக்கிறது.

ஒன்றரை, இரண்டு வயதில் பிள்ளைகள் சில வேலைகளை அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்வார்கள். ஒன்றுக்குள் ஒன்றைப் போடுவது, மொத்தமாகக் கொட்டுவது, கனமானதைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடப்பது, அடுக்கித் தள்ளிவிடுவது, மூடியைத் திறந்து திறந்து மூடுவது, ஒளித்துவைத்துக் கண்டுபிடிப்பது. வாரக்கணக்கில் ஒரே வேலை ஓடும், அப்புறம் திடீரென்று வேறொன்றுக்குத் தாவிவிடும். கடைக்குப் போவதற்கு முன் மூன்று நான்கு நாள் உங்கள் மகனைச் சும்மா கவனியுங்கள். அவன் இப்போது எந்த வேலையில் மும்முரமாக இருக்கிறான் என்பது தெரிந்துவிட்டால், என்ன வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

எறிகிறவன் என்றால் மெத்தென்ற பந்துகள் சில, கூடவே அவற்றைப் போட ஒரு கூடை. "இதை எறியாதே" என்று மட்டும் சொன்னால் அவன் கேட்கமாட்டான். "கட்டையை எறியக் கூடாது, பந்தை எறியலாம், கூடைக்குள் போடு" என்றால் அவனால் கேட்க முடியும். கொட்டுகிறவனுக்கு வாளி, கரண்டி, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள். சுமந்து திரிகிறவனுக்குக் கைப்பிடி வைத்த பையும், தள்ளிக்கொண்டு போக நடைவண்டி போன்ற ஒன்றும். அவன் பாத்திரங்களிடம் ஓடுவதிலும் வியப்பில்லை. மூடி பொருந்தும், தட்டினால் சத்தம் வரும், ஒன்றுக்குள் ஒன்று போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் நாள் முழுக்கக் கையாளும் சாமான் அது. உடையாத, கூர்மையில்லாத நான்கைந்து பாத்திரங்களை அவனுக்கென்றே ஒரு கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். இதற்குச் சமமாக எதையும் கடையில் வாங்கிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரே ஒரு பொருள்தான் வாங்குவேன் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது மரக்கட்டைகள். சாதாரணக் கட்டைகள், பக்கத்துக்கு நான்கைந்து செ.மீ. இருந்தால் சின்னக் கைக்கு வாகாக இருக்கும். 1837-இல் ஜெர்மனியில் மழலைப் பள்ளியைத் தொடங்கிய ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல் குழந்தைகளுக்குக் கொடுத்த சாமான்களில் பந்துக்கு அடுத்து வந்தவை கட்டைகள்தான். இன்றுவரை அதை மிஞ்சிய பொம்மை வரவில்லை என்பது என் கட்சி. ஒரு வயதுப் பிள்ளை அதை இரண்டு கையிலும் வைத்துத் தட்டும். ஒன்றரை வயதில் மூன்று நான்கு அடுக்கும், இரண்டு வயதையொட்டி ஆறு வரை போகும், மூன்று வயதில் ஒன்பது பத்துகூட நிற்கும். அதற்கு முன்பே, நீங்கள் கட்டியதை இடித்துத் தள்ளுவதில் அவனுக்கு அலாதி இன்பம். தாராளமாக இடிக்கட்டும். பின்னால் அதே கட்டை ரயிலாகும், செல்போனாகும், பொம்மைக்குத் தலையணையாகும். வாங்கும்போது வண்ணம், எழுத்து, படம் எதுவும் அவசியமில்லை. ஒரு மாதிரியாக மட்டுமே பொருந்தும் கட்டை செட்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். பெட்டியிலிருக்கும் படத்தைப் போல ஒரு முறை செய்தவுடன் அதன் கதை முடிந்துவிடும்.

ஒன்றரை வயதுக்கு மேல் பாவனை விளையாட்டு தலைகாட்டும். காலி டம்ளரிலிருந்து குடிப்பது போல நடிப்பான், பொம்மைக்கு ஊட்டுவான், செருப்பைக் காதில் வைத்து 'அலோ' என்பான். இதற்கு ஒரு துணிப் பொம்மையும் கொஞ்சம் சொப்புச் சாமானும் போதும். ஆண் பிள்ளைக்கு எதற்குச் சொப்பு என்று யாராவது கேட்டால் காதில் வாங்காதீர்கள். ஊட்டுவதும் தூங்கவைப்பதும்தான் அவன் தினமும் பார்க்கும் உலகம், அதைத்தான் அவன் நடித்துப் பார்க்கிறான். இவற்றுடன் குமிழ்ப்பிடி வைத்த மூன்று நான்கு துண்டுப் புதிர்ப் பலகை, தடித்த அட்டைப் புத்தகங்கள், குண்டுக் க்ரேயான், இவ்வளவு இருந்தால் இரண்டு வயதுக்கு எதேஷ்டம்.

சரி, பாட்டுப் பொம்மைக்கு வருவோம். பித்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, எழுத்தின் பெயர் வருகிறது. பிள்ளைக்கு அதில் மிஞ்சும் வேலை அழுத்துவது மட்டும். அதைவிட எனக்குக் கவலை தருவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் வாயை மூடிக்கொள்வது. நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2016-இல் ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்தது. 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் பெற்றோருமாக 26 ஜோடிகளின் விளையாட்டை அவர்கள் வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்தார்கள். மின்னணுப் பொம்மை இருந்தபோது பெற்றோர் பேசிய சொற்கள் மிகக் குறைவு, குழந்தை எழுப்பிய ஒலிகளும் குறைவு. புத்தகம் இருந்தபோதுதான் பேச்சு அதிகம். சிறிய ஆய்வுதான், ஆனால் விளையாட்டு அறையில் நான் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. பொம்மை பேச ஆரம்பித்தால் நாம் நிறுத்திவிடுகிறோம். குழந்தைக்குப் பேச்சு வருவது தன்னைப் பார்த்துப் பேசி, தன் பதிலுக்குக் காத்திருக்கும் மனிதரிடமிருந்து. எழுத்து, எண் கற்றுத்தரும் என்று பெட்டியில் போடும் வாக்குறுதிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரமில்லை என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் நிலைப்பாடும். எப்படியும் இரண்டு வயதில் எழுத்து தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அதற்காக அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வயதுக்கு ஏற்றதாக இருந்தால் எப்போதாவது பத்து நிமிடம் பாடிவிட்டுப் போகட்டும். சத்தத்தை மட்டும் சோதியுங்கள். பிள்ளையின் கை குட்டை என்பதால் பொம்மை அவன் காதுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும். அதே தூரத்தில் உங்கள் காதருகே வைத்துக் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கே குடைச்சலாக இருந்தால் ஸ்பீக்கர் துளைகளின்மேல் டேப் ஒட்டிவிடலாம், பேட்டரியைக் கழற்றியும் வைக்கலாம்.

"பையன் சுட்டி, பரவாயில்லை" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 3 வயதுக்கு மேல் என்று போட்டிருப்பதற்கும் புத்திக்கும் தொடர்பில்லை. பெரும்பாலும் அதற்குக் காரணம், தொண்டையில் அடைக்கக்கூடிய சிறு பாகம் அதில் இருப்பதுதான். எவ்வளவு சுட்டிப் பிள்ளையாக இருந்தாலும் இரண்டு வயதில் கையில் கிடைப்பது வாய்க்குப் போகும். சிவப்பு வட்டத்துக்குள் 0-3 என்று எழுதி ஒரு குழந்தை முகத்தைக் குறுக்கே அடித்திருக்கும் குறியும் இதே எச்சரிக்கைதான். அதை "0 முதல் 3 வயதுக்கு ஏற்றது" என்று தலைகீழாகப் படிப்பவர்கள் உண்டு, கவனம். ஆய்வகத்தில் இதைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள சிறு குழல் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழ் ஆகாது. வீட்டில் டிஷ்யூ ரோல் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக் குழல் இதற்குப் போதும். அது கொஞ்சம் அகலம் என்பதால் நம் சோதனை இன்னும் கறாராகவே இருக்கும். பந்து என்றால் 4.5 செ.மீ.க்குக் குறையவே கூடாது. கழன்று வரக்கூடிய கண், பித்தான், சக்கரம் இருந்தால் கொடுப்பதற்கு முன் நீங்களே பலமாக இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

பாட்டுப் பொம்மை என்றதும் நான் முதலில் பார்ப்பது பேட்டரி மூடியை. அது ஸ்க்ரூ போட்டு மூடியிருக்க வேண்டும். நகத்தால் திறந்தால் அந்தப் பொம்மை வேண்டாம். நாணயம் போன்ற பட்டன் பேட்டரி, அதிலும் 20 மி.மீ. லித்தியம் பேட்டரி, உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டே மணி நேரத்தில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். உள்ளிருக்கும் மருந்து கசிந்துதான் அப்படி ஆகிறது என்றில்லை. ஈரமான சதையின் வழியே மின்சாரம் பாய்ந்து, அந்த இடத்தில் சதையை அரிக்கும் கடுமையான காரப்பொருள் (அல்கலி) உண்டாகிறது. அதனால் 'தீர்ந்துபோன' பேட்டரியும் ஆபத்துதான். பொம்மையில் மட்டுமல்ல, ரிமோட்டிலும் பாடும் வாழ்த்து அட்டையிலும் இது இருக்கிறது. விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்காமல் நேராக அவசரச் சிகிச்சைக்குக் கொண்டு போங்கள். மலத்தோடு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மூத்தவளின் சாமான்களில் தேட வேண்டியவை இன்னும் இரண்டு. ஒன்று, சக்திவாய்ந்த குட்டிக் காந்தங்கள். இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, இடைப்பட்ட சதையை ஓட்டையாக்கிவிடும். இன்னொன்று, தண்ணீரில் போட்டால் ஊதிப் பெரிதாகும் வண்ண ஜெல் உருண்டைகள். வயிற்றுக்குள்ளும் அப்படியே ஊதும், குடலை அடைக்கும், சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். இவை இரண்டும் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கே வேண்டாம் என்பேன். மற்ற குட்டிச் சாமான்களுக்காக மூத்தவளோடு சண்டை போடத் தேவையில்லை. அவளுக்கு ஒரு மேசையும் மூடியுள்ள டப்பாவும் கொடுத்து, தம்பி தூங்கும்போது எடுக்கலாம் என்று வைத்துவிடுங்கள். ஆறு வயதில் இதை நன்றாகவே கடைப்பிடிப்பார்கள். ஆனால் கீழே ஒன்றும் கிடக்கவில்லையே என்று கடைசியாகப் பார்ப்பது உங்கள் வேலைதான்.

பிறந்தநாள் என்றால் பலூனும் வரும். ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் தொண்டைக்குள் போனால் மூச்சுக்குழாயை அப்படியே ஒட்டி மூடிவிடும், எடுப்பது கடினம். எட்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகள் கையில் அதைக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் மருத்துவர்களின் அறிவுரை. இழுவண்டிக் கயிறு ஒரு சாணுக்கு மேல் இருந்தால் வெட்டிவிடுங்கள், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். நடைவண்டி என்று மேலே சொன்னது நின்று தள்ளும் வண்டி. உள்ளே உட்காரவைக்கும் வாக்கர் வேண்டாம். அது நடையைக் கற்றுத்தருவதில்லை, படிக்கட்டில் உருண்டு விழுவதற்குப் பேர்போனது. கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை.

மரமா பிளாஸ்டிக்கா என்று அடிக்கடி கேட்கிறார்கள். மரம் என்றாலே நல்லது என்று நான் நினைக்கவில்லை. சிலாம்பு நீட்டிக்கொண்டிருக்கும், பெயிண்ட் உரியும் மரப் பொம்மையைவிடச் சுத்தமாகக் கழுவ முடிகிற நல்ல பிளாஸ்டிக் மேல். மூக்கைத் துளைக்கும் வாசனை வந்தாலும், நகத்தால் சுரண்டினால் சாயம் வந்தாலும் வைத்துவிடுங்கள். யாரோ கொடுத்த பழங்காலப் பெயிண்ட் பொம்மையில் ஈயம் இருக்கலாம், அது அலமாரியில் அழகுக்கு நிற்கட்டும். தண்ணீர் பீய்ச்சும் குளியல் பொம்மைகளின் உள்ளே பூஞ்சை பிடிக்கும், ஓட்டையில்லாதவையாகப் பாருங்கள்.

புதிதாக வாங்கும் முன் இருப்பதைக் குறையுங்கள். அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை, 18 முதல் 30 மாதம் வரையிலானவர்களை, ஒரு முறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டுப் பார்த்தார்கள். 2018-இல் வெளியான அந்த ஆய்வில், நான்கு மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், அதிக விதமாக விளையாடினார்கள். உங்கள் 'இரண்டு நிமிடம்' பெரும்பாலும் இதுதான். வீட்டில் நான்கு என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். கைக்கெட்டும் தட்டில் ஆறேழு இருக்கட்டும், மீதியைப் பெட்டியில் போட்டுக் கண்ணில் படாமல் வையுங்கள். எதையும் தொடாத நாள் வந்தால் இரண்டை மாற்றுங்கள். ஒரு மாதம் கழித்து வரும் பழைய பொம்மை அவனுக்குப் புதுப் பொம்மைதான், ஏனென்றால் அதற்குள் அவன் கைக்கு வேறு வேலை தெரிந்திருக்கும்.

சொந்தக்காரர்களிடம் "எதுவும் வேண்டாம்" என்று சொன்னால் கேட்கமாட்டார்கள், மனத்தாங்கல்தான் மிஞ்சும். "அவனுக்கு ஒரு கட்டை செட் வாங்கிக் கொடுங்கள்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இரண்டு பேர் சேர்ந்து பெரிய செட்டாகக் கொடுத்தால் இன்னும் நல்லது, கட்டை எவ்வளவு இருந்தாலும் தீரும். பாட்டுப் பொம்மையை ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள் என்றால் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, பேட்டரியைக் கழற்றி, மூன்று வயது முடியும்வரை மேல் அலமாரியில் வைத்துவிடுங்கள். அட்டைப் பெட்டியை மட்டும் அன்றைக்கே அவனிடம் கொடுத்துவிடலாம், முதலில் அதிலிருக்கும் பின்னையும் பிளாஸ்டிக் உறையையும் எடுத்துவிட்டு.