சென்னை–சிங்கப்பூர்: போக ஏழு மணி நேரம், வர இரண்டு மணி நேரமா?

கேள்வி: என் தாயார் சிங்கப்பூரில் உள்ள தங்கை வீட்டுக்கு முதன்முறையாகத் தனியே செல்கிறார். நேர் விமானம் சென்னையில் இரவு 11.15க்குப் புறப்பட்டுக் காலை 6.05க்குச் சேரும் என்றும், திரும்பும்போது இரவு 8.30க்குக் கிளம்பி 10.15க்கே வந்துவிடும் என்றும் இருக்கிறது. இணையமோ மூன்றரை மணி நேரம் என்கிறது. எதை நம்புவது? கோலாலம்பூர் வழியாகச் சென்றால் மலிவு என்கிறாரே முகவர், போகலாமா?

பதில்: டிக்கெட்டில் உள்ளவை அந்தந்த ஊர்க் கடிகார நேரங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால், போகும்போது அதைக் கழித்தும் வரும்போது கூட்டியும் பாருங்கள்: போக 4 மணி 20 நிமிடம், வர 4 மணி 15 நிமிடம். மூன்றரை மணி என்பது, சுமார் 2,920 கிலோமீட்டர் வான்தூரத்தை மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்துப் போட்ட கணக்கு. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதும், சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்க முறைக்குக் காத்திருப்பதும் அதில் சேராது.

முகவர் சொல்லும் வழிக்கு வருகிறேன். கோலாலம்பூர் ஏறக்குறைய அதே நேர்கோட்டில் இருக்கிறது; சென்னையிலிருந்து அங்கே 2,630 கிலோமீட்டர், அங்கிருந்து சிங்கப்பூர் 300 கிலோமீட்டர். ஆகவே தூரம் அதிகமாகாது, ஆனால் நேரம் இரட்டிப்பாகலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, தனித்தனியான இரண்டு டிக்கெட்டுகளை ஒரே தாளில் அச்சிட்டு "கனெக்டிங்" என்று விற்பது. அப்படியானால் தாயார் மலேசியக் குடிநுழைவுச் சோதனையைக் கடந்து, பெட்டியை எடுத்து, மீண்டும் செக்-இன் செய்ய வேண்டும். மலேசியாவுக்குள் நுழையும் விதிகளும் அவருக்குப் பொருந்தும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் அந்தப் பணம் போனதுதான், முகவரும் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

இதில் ஒரு விலக்கு உண்டு, அதைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் விமானங்களானாலும் ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு) எண்ணில் ஒரே டிக்கெட்டாக வழங்கப்பட்டிருந்தால் அச்சமில்லை. பெட்டி சிங்கப்பூர்வரை செல்லும், இணைப்பு தவறினால் மாற்று விமானம் தருவது அவர்கள் பொறுப்பு. மாறாக, இரண்டும் ஒரே நிறுவனத்தின் விமானங்களாக இருந்து பி.என்.ஆர். இரண்டாக இருந்தால் அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்காதீர்கள். ஆகவே விமான நிறுவனத்தின் பெயரைக் கேட்காமல் பி.என்.ஆர். எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் முகவர் பேச்சை மாற்றினால் வேறு கடைக்குச் செல்லுங்கள். இருக்கைக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் கட்டணத்தைக் கொட்டை எழுத்தில் காட்டுகிறவர்களுக்கு, "இவை இரண்டு தனி டிக்கெட்டுகள்" என்ற ஒரு வரியை அச்சிட மட்டும் இடம் கிடைப்பதில்லை. அதைக் கட்டாயமாக்க வேண்டியவர்களுக்கும் அவசரமில்லை.

தனியே செல்லும் முதியவருக்கு நேர் விமானமே ஏற்றது. ஆனால் நள்ளிரவு தாண்டிய விமானத்தை எடுத்தால் தேதியைக் கவனியுங்கள்: 14ஆம் தேதி 12.30 என்றிருந்தால், தாயார் 13ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே சென்னை விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.