பட்டியலில் இல்லாவிட்டாலும் அந்த ஜோடி வீட்டுக்கு மதிப்பு உண்டு

வணக்கம். லண்டனில் ஒட்டிக் கட்டிய இரண்டு விக்டோரியா கால வீடுகளில் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். சட்டப் பாதுகாப்புள்ள பழைய கட்டடங்களின் பாரம்பரியப் பட்டியலில் இல்லாததால் மர ஜன்னல்களை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

1850க்குப் பிந்தைய வீடுகள் ஏராளமாக நிற்பதால் அந்தத் தேசியப் பட்டியலில் பொறுக்கித்தான் சேர்ப்பார்கள். உங்கள் வீட்டின் அழகே ஜோடியில்தான் இருக்கிறது. ஒரே கூரைச் சரிவு, ஒரே ஜன்னல் அளவு, வாசலுக்கு மேல் ஒரே வளைவு. ஒன்றில் கை வைத்தால் பக்கத்து வீடும் சேர்ந்தே குலையும். எனக்கு இதுதான் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

உங்கள் தெரு கன்சர்வேஷன் ஏரியாவில் (பழைய தோற்றத்தைக் காக்க ஒதுக்கிய பகுதி) வருகிறதா, 'ஆர்ட்டிகிள் 4' உத்தரவு (வழக்கமாக அனுமதி தேவைப்படாத மாற்றங்களுக்கும் அனுமதி கேட்க வைப்பது) இருக்கிறதா என்று உள்ளூர் கவுன்சிலில் கேளுங்கள். அந்த உத்தரவு இருந்தால் ஜன்னல் மாற்றவே அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம்.

பழைய மரத்தில் அழுகிய பகுதியை மட்டும் வெட்டிப் புது மரம் ஒட்டலாம். இடுக்குகளில் காற்றுத் தடுப்புப் பட்டை வைத்தால் குளிர் குறையும்.

செங்கல் இடுக்குகளில் சிமென்ட் பூச மட்டும் விடாதீர்கள். அது ஈரத்தை உள்ளேயே அடைக்கும், உறைபனியில் செங்கல் முகம் உதிரும். சுண்ணாம்புக் கலவைதான் என்று கொத்தனாரிடம் வேலைக்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.