வேதியியலில் அடுத்து என்ன? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வேதியியலில் இனி எதைச் சாதித்தால் உலகமே மாறும் என்பீர்கள்?

பதில்: என்னைக் கேட்டால், உரத்துக்கு அடிப்படையான அம்மோனியாவைக் காற்றின் நைட்ரஜனிலிருந்து சாதாரண வெப்பத்தில் செய்வது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் முப்பிணைப்பால் இறுகிக் கிடக்கின்றன. 1913 முதல் ஆலைகளில், நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்கும் ஹேபர்-பாஷ் முறைதான்: 400, 500 டிகிரி செல்சியஸ் வெப்பம், அதோடு கடும் அழுத்தம். பயறுச் செடியின் வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியா இதே வேலையை மண்ணின் வெப்பத்திலேயே முடித்துவிடுகிறது! ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரப் புரதம். பாக்டீரியாவுக்குள் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் நைட்ரோஜினேஸ் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. அதனால் இந்தப் புரதம் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து அளந்து அளந்து விடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

கேள்வி: அந்த நொதியை அப்படியே நகலெடுத்தால் என்ன?

பதில்: அதன் மையத்தில் 7 இரும்பு, 1 மாலிப்டினம், 9 கந்தகம், நடுவே ஒரு கார்பன். நடுவில் இருப்பது கார்பன்தான் என்று உறுதியானதே 2011-ல். அணுக்களின் இடம் தெரிந்தால் போதாது, எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் எந்த வரிசையில் வந்து சேர்கின்றன என்பதுதான் சிக்கல். அப்புறம், இயற்கையும் இதை இலவசமாகச் செய்யவில்லை. ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்குக் குறைந்தது 16 ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) செலவாகிறது.

கேள்வி: 2025 நோபல் பரிசு பெற்ற உலோக-கரிமக் கட்டமைப்புகள் (எம்ஓஎஃப்; உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்த நுண்துளைப் படிகங்கள்) காற்றிலிருந்து தண்ணீர் எடுக்குமாமே, உண்மையா?

பதில்: உண்மை. பரிசு பெற்ற கிடகாவா, ராப்சன், யாகி மூவரில் யாகியின் குழு அரிசோனா பாலைவனக் காற்றிலேயே எடுத்துக் காட்டியது. இரவில் நுண்துளைகளுக்குள் ஈரம் ஏறும், பகல் வெயில் பட்டதும் வெளியேறும். எம்ஓஎஃப்-5 என்ற வகையில் சில கிராமுக்குள் ஒரு கால்பந்து மைதானத்தின் பரப்பு மடிந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான முறை ஈரம் ஏறி இறங்கியும் படிகம் சிதையாமல் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: அறை வெப்பநிலையில் மீக்கடத்தி, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள், வந்துவிட்டது என்றார்களே?

பதில்: 2023-ல் எல்கே-99 என்ற பொருளைப் பற்றி வந்த அறிவிப்பைச் சொல்கிறீர்கள். மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அது நிற்கவில்லை. லாந்தனம் ஹைட்ரைடு சுமார் -23 டிகிரி செல்சியஸிலேயே மீக்கடத்துகிறது, ஆனால் வளிமண்டலத்தைப் போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேலான அழுத்தம் வேண்டும். இரண்டு வைரங்களுக்கு நடுவே நசுங்கும் துணுக்கில் கம்பி இழுக்க முடியாது.

கேள்வி: இனி ஏஐ எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுமா?

பதில்: எந்தச் சேர்மம் நிலைத்திருக்கக்கூடும் என்று அது வேகமாகச் சொல்லும். அதைக் குடுவையில் செய்து பார்ப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.