மாத்திரையோடு வந்து மாத்திரையோடு போன வாசனை

கேள்வி: எனக்கு 41 வயது, ஆஸ்துமா உண்டு. 3 வருடமாக ஓயாத மூக்கடைப்பு. வாசனையே தெரிவதில்லை. ஒருமுறை ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டபோது ஒரு வாரம் வாசனை தெரிந்தது, நிறுத்தியதும் போய்விட்டது. இது நோய் எதிர்ப்பு மண்டலக் கோளாறா? வாசனை திரும்புமா?

பதில்: அந்த ஒரு வாரம்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது. வாசனை நரம்புகள் அடியோடு அழிந்திருந்தால் ஸ்டீராய்டு கொடுத்தாலும் வாசனை வந்திருக்காது. அந்த நரம்பு முனைகள் மூக்கின் உச்சியில், கண்களுக்கு நடுவே ஒரு குறுகிய இடுக்கில் இருக்கின்றன. சவ்வு வீங்கினாலோ, பாலிப் எனும் சதை வளர்ந்தாலோ அங்கே காற்று போய்ச் சேராது. வீக்கம் நீடித்தால் நரம்பும் மந்தமாகும். மாத்திரை வீக்கத்தை வடியவைத்தது, வழி திறந்தது. அவ்வளவுதான்.

எதிர்ப்பு மண்டலத்துக்கு இதில் பெரும்பாலும் பங்கு உண்டு. ஆஸ்துமாவோடு மூக்கடைப்பும் வாசனை இழப்பும் சேர்ந்து வந்தால், ஈசினோபில் என்ற வெள்ளணுக்கள் மூக்குச் சவ்வில் குவிந்து வீக்கத்தை வளர்க்கும் வகையை முதலில் சந்தேகிப்போம். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போட்டால் மூச்சிரைப்பு வருகிறதா என்று யோசித்துப் பாருங்கள். வந்திருந்தால் இனி தொட வேண்டாம், டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

வேறு வகைகளும் உண்டு. சீழ்ச் சளியோடு சைனஸும் நிமோனியாவும் திரும்பத் திரும்ப வந்தால் எதிர்ப்புச் சக்தி குறைவா என்று பார்க்க ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் (கிருமிகளை எதிர்க்கும் புரதம்) அளவைச் சோதிப்பார்கள். கண்ணும் வாயும் சேர்ந்து உலர்ந்தால் எதிர்ப்பு மண்டலம் நம் உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளையே தாக்கும் ஷோகிரன் நோய் இருக்கலாம். மூக்கில் பொருக்கு, ரத்தம், மூக்குத்தண்டு அமுங்குவது, சிறுநீரில் ரத்தம், இவை தெரிந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். ரத்தக் குழாய்களைத் தாக்கும் நோய் சிறுநீரகம் வரை போய்விடும்.

காது மூக்கு தொண்டை நிபுணரிடம் எண்டோஸ்கோபி (மெல்லிய கேமரா குழாயால் மூக்கின் உள்ளே பார்ப்பது) செய்துகொள்ளுங்கள், தேவைப்பட்டால் சிடி ஸ்கேன். ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகத் திரும்ப வாங்கிச் சாப்பிடாதீர்கள். எலும்பு, சர்க்கரை, கண் எல்லாம் பாதிக்கும். தினசரி ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும், கொதிக்கவைத்து ஆறிய நீரில் உப்புக் கரைசல் கழுவலும்தான் அடிப்படை. போதாவிட்டால் அறுவை சிகிச்சை, அப்புறம் எதிர்ப்பு மண்டலம் கிளப்பும் இந்த வீக்கத்தை அடக்கும் டூபிலுமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன. பலருக்கு வாசனை திரும்புகிறது, ஆனால் பாலிப் மறுபடி வளரும் குணமுள்ளது என்பதால் சிகிச்சையை இடையில் விடக்கூடாது.

அதுவரை வீட்டில் கேஸ் கசிவைக் காட்டும் கருவி ஒன்று வையுங்கள். சாப்பாடு கெட்டுவிட்டதா என்று வேறொருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.